பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் பிளக்-இன்கள்: ஒரு முப்பது வருட வரலாறு



போன மாதம் நம் பழைய மாணவர்கள் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "வங்கித் தளம் சரியாகத் திறக்கவில்லை என்றால் இந்த எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள், உடனே சரியாகிவிடும்" என்று ஒரு இணைப்பு. நாலைந்து பேர் போட்டும் விட்டார்கள். "யார் செய்தது இது?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "பரவாயில்லை சார், வேலை செய்யுது" என்று ஒரு பதில் மட்டும் வந்தது.

அந்தப் பதில்தான் இந்த நீண்ட பதிவுக்குக் காரணம். கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவன் இல்லை நான். வரலாறு நடத்தியவன். ஆனால் இந்த விஷயத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது தானாகவே புரியும். கடைசியில் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதியிருக்கிறேன். அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம். ஆனால் வகுப்பில் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: காரணம் தெரியாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்தால் கேள்வி கொஞ்சம் மாறினாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலில் இரண்டு சொற்கள். பிளக்-இன் என்பதைத் தமிழில் செருகுநிரல் என்கிறார்கள். பிரவுசருக்குத் தெரியாத ஒரு வேலையை, வேறொரு கம்பெனியின் புரோகிராம் உள்ளே வந்து செய்து கொடுப்பது. எக்ஸ்டென்ஷன் என்பதை நீட்சி என்கிறார்கள். அது பிரவுசரோடு சேர்ந்துகொண்டு, நீங்கள் பார்க்கும் பக்கத்தைப் படிக்கும், மாற்றும். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். ஆபத்து மட்டும் இரண்டிலும் வேறு வேறு மாதிரி.

ஆரம்பம்

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் முன்வைத்த யோசனைதான் இன்றைய வலை. 1991-ல் அது வெளியுலகுக்கு வந்தபோது பெரும்பாலும் எழுத்து மட்டும்தான். 1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்த பிறகுதான் எழுத்தோடு படமும் ஒரே பக்கத்தில் பார்ப்பது பரவியது.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பேய் வெய் என்ற இளைஞர் வயோலா என்று ஒரு பிரவுசரை எழுதியிருந்தார். பக்கத்துக்கு உள்ளேயே ஒரு சிறு புரோகிராமை ஓட வைக்கலாம் என்பதை அவர் 1993 மே மாதமே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்களிடம் காட்டினார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் இதே மாதிரியான ஒரு யோசனைக்கு வேறு சிலர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1998-ல் அது கிடைத்தது. இயோலாஸ் என்ற சின்னக் கம்பெனியும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் அதை வைத்து மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டு, 2003-ல் ஜூரியிடம் 52 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கின. 2006 வாக்கில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் எந்த அனிமேஷனைத் தொட்டாலும் "இயக்குவதற்குக் கிளிக் செய்யுங்கள்" என்று ஒரு கட்டம் வந்தது, நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டரில் கோளாறு என்று அன்றைக்குப் பலரும் நினைத்தோம். அது இந்த வழக்கின் விளைவு. 2012-ல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்த இன்னொரு வழக்கில் பெர்னர்ஸ்-லீயும் பேய் வெய்யும் வந்து சாட்சி சொன்னார்கள். அந்த உரிமைக் கோரிக்கைகள் செல்லாது என்று ஜூரி சொல்லிவிட்டது.

நெட்ஸ்கேப் திறந்த கதவு

பிளக்-இன் என்ற ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பரப்பியது நெட்ஸ்கேப் நேவிகேட்டரின் இரண்டாம் பதிப்பு. 1996-ல் வெளியானது. பி.டி.எஃப். கோப்பை பிரவுசருக்குள்ளேயே காட்ட வேண்டும் என்று அடோபி விரும்பியது. ரியல்ஆடியோவுக்குப் பாட்டை ஓட்ட வேண்டும். மேக்ரோமீடியாவின் ஷாக்வேவுக்கு அனிமேஷனை ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் நெட்ஸ்கேப் தானே செய்து கொடுக்க முடியாது. அதனால் "எங்கள் பிரவுசரில் ஒரு துளை விடுகிறோம், உங்கள் புரோகிராமைச் செருகிக்கொள்ளுங்கள்" என்று விதிமுறை போட்டுக் கொடுத்தது. தேவையான பிளக்-இன் இல்லாத பக்கத்தைத் திறந்தால் அந்த இடத்தில் ஒரு புதிர்த் துண்டின் படம் தெரியும். இன்று குரோமில் எக்ஸ்டென்ஷன் பொத்தானைப் பாருங்கள். அதே புதிர்த் துண்டு. முப்பது வருடமாகப் படம் மாறவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. செருகப்பட்ட புரோகிராம் பிரவுசரின் கட்டுப்பாட்டுக்குள் இருக்காது. அந்தக் கம்ப்யூட்டரில் உங்களுக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. கோப்பைப் படிக்கலாம், அழிக்கலாம், வேறு புரோகிராமை இயக்கலாம். வீட்டுக்கு வந்த கொத்தனாரிடம் ஒரு அறையைப் பூசச் சொல்லிவிட்டு, பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

மைக்ரோசாஃப்ட் 1996 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3-உடன் ஆக்டிவ்எக்ஸைக் கொண்டுவந்தது. அதுவும் இதே குணம்தான். பாதுகாப்புக்கு அவர்கள் சொன்ன வழி டிஜிட்டல் கையெழுத்து. இதைச் செய்தது யார் என்று காட்டுவோம், நம்பினால் "யெஸ்" கொடுங்கள் என்றார்கள். ஃப்ரெட் மெக்லெயின் என்ற புரோகிராமர் அந்த வருடமே ஓர் ஆக்டிவ்எக்ஸ் துண்டு எழுதி, முறைப்படி கையெழுத்துச் சான்றிதழும் வாங்கி வெளியிட்டார். பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ் 95 தானாக அணைந்துவிடும். செய்தவர் பெயர் தெரிவதால் மட்டும் செய்த பொருள் நல்லதாகிவிடாது என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்.

1997 ஆரம்பத்தில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் இன்னும் ஒரு படி மேலே போனது. தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். ஒருவர் ஒரு வலைப்பக்கத்தைப் பார்க்கிறார். அதிலுள்ள ஆக்டிவ்எக்ஸ் துண்டு, அவர் கம்ப்யூட்டரில் குவிக்கன் என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால், அனுப்பக் காத்திருக்கும் பணப் பரிமாற்றங்களின் பட்டியலில் தன்னுடையதையும் ஒன்று சேர்த்துவிடுகிறது. அடுத்த முறை அவர் தன் பரிமாற்றங்களை அனுப்பும்போது அதுவும் கூடவே போய்விடும். ரகசிய எண்ணைத் திருட வேண்டிய அவசியமே இல்லை. கணக்குக்காரரே தன் கையால் அனுப்பிவிடுவார்.

இது நடந்தது 1997-ல். நம்மில் பலருக்கு மின்னஞ்சலே இல்லாத காலம்.

தென் கொரியா கற்ற பாடம்

வகுப்பில் ஒரு நாட்டைப் பற்றி மட்டும் சொல்ல நேரம் இருந்தால் தென் கொரியாவைச் சொல்வேன்.

1990-களின் கடைசியில் வலுவான ரகசியக் குறியீட்டு முறைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப அமெரிக்கா தடை வைத்திருந்தது. வெளிநாட்டுக்கு வந்த பிரவுசர்களில் 40 பிட் பூட்டுதான். வங்கி வேலைக்கு அது போதாது. கொரியர்கள் தாங்களே சீட் என்ற பெயரில் 128 பிட் முறையை உருவாக்கினார்கள். 1999-ல் மின் கையெழுத்துச் சட்டம் கொண்டுவந்து, ஒவ்வொரு குடிமகனுக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் தந்தார்கள். அந்தக் காலத்துக்கு மிகவும் முன்னேறிய ஏற்பாடு.

ஆனால் எந்த பிரவுசருக்கும் சீட் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வங்கியும் பிளக்-இன் கொடுத்தது. போகப் போக எல்லாம் ஆக்டிவ்எக்ஸாகவே ஆனது. வங்கிக்கு ஒன்று, கீபோர்டு பாதுகாப்புக்கு ஒன்று, ஃபயர்வாலுக்கு ஒன்று என்று ஒரு பில் கட்டுவதற்கு நாலைந்து நிறுவ வேண்டும். அமெரிக்கா 2000-லேயே தடையைத் தளர்த்திவிட்டது. காரணம் போன பிறகும் வழக்கம் போகவில்லை. சட்டம் அந்தச் சான்றிதழைக் கட்டாயமாக்கியிருந்ததால் வங்கிகள் மாற்ற முயலவும் இல்லை. 2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது பல கொரிய வங்கித் தளங்கள் வேலை செய்யவில்லை. மேக், லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு வங்கிச் சேவையே கிடையாது. கொரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிம் கீ-சாங் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். தோற்றார்.

இதில் பெரிய சேதம் மக்களின் பழக்கத்தில் நடந்தது. "இதை நிறுவலாமா?" என்று கட்டம் வந்தால் படிக்காமல் "யெஸ்" அழுத்த ஒரு தலைமுறையே பழகிப்போனது. அழுத்தாவிட்டால் பணம் கட்ட முடியாது, வேறு என்ன செய்வார்கள்? பாதுகாப்புக்காக என்று கொண்டுவந்த ஏற்பாடே எதை வேண்டுமானாலும் நிறுவும் மனப்பழக்கத்தைக் கொடுத்துவிட்டது.

கடைசியில் அரசாங்கத்தை அசைத்தது ஒரு டி.வி. தொடர். அந்தத் தொடரின் கதாநாயகி போட்டிருந்த கோட்டை வாங்க சீன ரசிகர்கள் ஆசைப்பட்டார்கள், கொரியச் சான்றிதழும் ஆக்டிவ்எக்ஸும் இல்லாததால் கொரியக் கடைகளில் வாங்க முடியவில்லை. 2014 மார்ச்சில் அதிபர் பார்க் கன்-ஹே இதை ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். அதன் பிறகுதான் விதிகள் தளர்ந்தன. அந்தச் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்து சட்டப்படி நீங்கியது 2020 டிசம்பரில். இருபது வருடம் ஆகியிருக்கிறது.

நம் ஊரிலும் இதன் சிறு வடிவத்தைப் பார்த்தோம். அரசு டெண்டர் தளங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட ஜாவா ஆப்லெட் வேண்டும். புது பிரவுசர்கள் ஜாவாவைக் கைவிட்ட பிறகும், கான்ட்ராக்ட் எடுக்கும் நம் மாணவர்கள் சிலர் அதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரில் பழைய ஃபயர்பாக்ஸை அப்டேட் செய்யாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். இப்போது ஜி.எஸ்.டி. தளத்தில் கையெழுத்துப் போட எம்சைனர் என்று தனிப் புரோகிராமே கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பிளக்-இன்னுக்குப் பதில் வந்த ஏற்பாடு அது.

தமிழ் எழுத்தும் இந்தக் கதையில் உண்டு

2000-ஆம் ஆண்டை ஒட்டி இணையத்தில் தமிழ்ப் பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒரு குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்தது. வெளிநாட்டுத் தமிழர்களிடம் டிஸ்கி புழங்கியது. பத்திரிகைகள் பல தங்கள் சொந்த வழியிலேயே போயின. எழுத்துருவை நாமே இறக்க வேண்டாம் என்று, பக்கத்தோடு சேர்ந்து வரும் டைனமிக் ஃபான்ட் முறை வந்தது. பல தளங்களில் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். வேறு பிரவுசரில் திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கல்.

2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தபோது, யார் வேண்டுமானாலும் நீட்சி எழுதிச் சேர்க்கலாம் என்ற வசதியோடு வந்தது. முதலில் தெலுங்குக்காக எழுதப்பட்டு, பிறகு தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கும் விரிந்த பத்மா என்ற நீட்சி, அந்தக் கிறுக்கலை யூனிகோடாக மாற்றிக் காட்டியது. ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே தமிழில் தட்டச்சு செய்யவும் நீட்சிகள் வந்தன. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பத்திரிகைகளும் மாறின. பத்மாவுக்கு வேலை இல்லாமல் போனது. நல்ல நீட்சியின் வாழ்க்கை அப்படித்தான். பிரவுசரே அந்த வேலையைக் கற்றுக்கொண்டதும் அது விடைபெற வேண்டும்.

நீட்சி என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

ஃபிளாஷ் என்ற சக்ரவர்த்தி

1996-ல் ஃபியூச்சர்வேவ் என்ற சின்னக் கம்பெனி ஃபியூச்சர்ஸ்ப்ளாஷ் என்ற அனிமேஷன் கருவியை வெளியிட்டது. எழுதியவர்களில் முக்கியமானவர் ஜொனாதன் கே. மேக்ரோமீடியா அதை வாங்கி, ஃபிளாஷ் என்று பெயர் சுருக்கியது. 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கியது. அதே வருடம் தொடங்கிய யூடியூப் வீடியோக்களைக் காட்ட ஃபிளாஷையே நம்பியிருந்தது. உங்கள் பிள்ளைகள் விளையாடிய சிறு விளையாட்டுகள், கல்லூரித் தளங்களின் முகப்பு அனிமேஷன் எல்லாம் அதுதான்.

இவ்வளவு கம்ப்யூட்டர்களில் ஒரே புரோகிராம் இருந்தால் திருடனுக்கு வசதி. ஒரு பூட்டை உடைக்கக் கற்றால் ஊர் முழுக்க வீடு திறக்கும். ஃபிளாஷிலும் ஜாவாவிலும் மாதத்துக்கு மாதம் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மேக் கம்ப்யூட்டருக்கு வைரஸே வராது என்ற நம்பிக்கை உடைந்தது இப்படித்தான். 2011-ல் போலி ஃபிளாஷ் இன்ஸ்டாலராக வேடம் போட்டு வந்த ஃபிளாஷ்பேக் என்ற நச்சு நிரல், 2012-ல் ஜாவாவின் ஒரு ஓட்டை வழியாக ஏறக்குறைய 6 லட்சம் மேக்குகளுக்குள் புகுந்தது. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே "பிரவுசரில் ஜாவாவை அணைத்து வையுங்கள்" என்று பொதுமக்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டியதாயிற்று.

ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் ஃபிளாஷை ஐபோனில் ஏன் அனுமதிக்கவில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் பாதுகாப்புக் குறை, மேக் அடிக்கடி முடங்குவது, பேட்டரி தீர்வது மூன்றும் உண்டு. 2014 அக்டோபரில் எச்.டி.எம்.எல். 5 முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. வீடியோவையும் ஒலியையும் பிரவுசரே ஓட்டக் கற்றுக்கொண்டது. 2015 ஜூலையில் ஹேக்கிங் டீம் என்ற இத்தாலியக் கம்பெனியின் கோப்புகள் கசிந்தபோது, ஃபிளாஷில் யாருக்கும் தெரியாமல் அவர்கள் வைத்திருந்த ஓட்டைகள் வெளியே வந்தன. ஃபயர்பாக்ஸ் சில நாட்கள் ஃபிளாஷையே தடுத்து வைத்தது. அந்த செப்டம்பரில் குரோம் பழைய நெட்ஸ்கேப் பிளக்-இன் முறையை முற்றிலும் நீக்கியது. 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் ஃபிளாஷ் தவிர மற்றவற்றை நீக்கியது.

அடோபி மூன்று வருடத்துக்கு மேல் முன்னறிவிப்புக் கொடுத்து, 2020 டிசம்பர் 31-ல் ஃபிளாஷை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஏற்கனவே நிறுவியிருந்தாலும் ஓடாது. அத்தனை அவகாசம் இருந்தும் தென் ஆப்பிரிக்க வருவாய்த் துறை தன் படிவங்களை மாற்றி முடிக்கவில்லை. ஃபிளாஷ் ஓடுவதற்கென்றே தனியாக ஒரு பிரவுசரை வெளியிட்டது. அரசு அலுவலகங்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆகவே ஒன்றை நன்றாக மனதில் பதியுங்கள். இன்றைக்கு எந்தப் பக்கமாவது "உங்கள் ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யுங்கள்" என்று சொன்னால் அது மோசடி. இறந்துபோனவருக்கு யாரும் புதுச் சட்டை தைப்பதில்லை.

ஆபத்து இடம் மாறியது

பிளக்-இன் காலம் முடிந்தது, ஆபத்தும் முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். எக்ஸ்டென்ஷனுக்குப் பழைய பிளக்-இன் போல உங்கள் கம்ப்யூட்டர் முழுக்க அதிகாரம் கிடையாது. உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1997-ல் உங்கள் பணம் கம்ப்யூட்டரில் இருந்த கணக்கு மென்பொருளில் இருந்தது. இன்று வங்கி, வருமான வரி, பி.எஃப்., மின்னஞ்சல், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாமே பிரவுசருக்குள் இருக்கின்றன. பிரவுசரைப் படிக்க முடிந்தால் போதும், கம்ப்யூட்டர் முழுக்கத் தேவையே இல்லை.

நடந்த சில சம்பவங்களைச் சொல்கிறேன்.

வெப் ஆஃப் டிரஸ்ட் என்று ஒரு நீட்சி. எந்தத் தளம் நம்பகமானது என்று சொல்வதே அதன் வேலை. 2016 நவம்பரில் ஜெர்மனியின் என்.டி.ஆர். ஒலிபரப்பு நிறுவனம், அந்த நீட்சி வழியாகச் சேர்ந்த பயனர்களின் இணைய நடமாட்டத் தகவல் விற்பனைக்குப் போவதை வெளிப்படுத்தியது. 2018-ல் ஸ்டைலிஷ் என்ற அழகுபடுத்தும் நீட்சியும் இதே காரணத்துக்காகக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. அது கைமாறிய பிறகு நடந்தது.

தி கிரேட் சஸ்பெண்டர் இன்னும் நல்ல உதாரணம். திறந்து வைத்த டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும். 20 லட்சத்துக்கு மேல் பயன்படுத்தினார்கள். உண்மையிலேயே பயனுள்ளது. 2020-ல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றார். வாங்கியவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்து வந்த அப்டேட்டில் சந்தேகமான நிரல் இருந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நச்சு நிரல் என்று சொல்லி நீக்கியது. நீங்கள் போட்டபோது நல்லது. போட்ட பிறகு, உங்களைக் கேட்காமல், ஆள் மாறிவிட்டார்.

2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்புக் கம்பெனியின் எக்ஸ்டென்ஷனே பலியானது. அங்கே வேலை செய்யும் ஒருவருக்கு கூகுள் அனுப்பியது போலப் போலி மின்னஞ்சல் வந்தது. அவர் அனுமதி கொடுத்துவிட்டார். அந்த வழியாகக் கெட்ட பதிப்பு கடைக்குள் ஏறி, பயனர்களின் பிரவுசருக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. அந்த எக்ஸ்டென்ஷனுக்குச் சுமார் 4 லட்சம் பயனர்கள். திருட முயன்றது பாஸ்வேர்டை விட முக்கியமான ஒன்றை: நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கு அடையாளமாகத் தளம் தரும் குக்கியை. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம்.

கோளாறு வந்தால் அவசரம் கூடாது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2019 மே 4-ஆம் தேதி உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸில் நீட்சிகள் எல்லாம் செயலிழந்தன. மொசில்லா நீட்சிகளைச் சரிபார்க்கும் சான்றிதழ் ஒன்று காலாவதி ஆகியிருந்தது. புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். பயந்துபோய் நீட்சியை நீக்கியவர்களுக்கு அதில் சேமித்த தகவலும் சேர்ந்து போனது. "நீக்காதீர்கள், காத்திருங்கள்" என்றுதான் மொசில்லா சொன்னது. மறுநாளே திருத்திய பதிப்பு வந்தது. காத்திருந்தவர்களுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது.

இனி, செய்ய வேண்டியது

முதலில் கோளாறு பார்க்கும் முறை.

1. ஒரு பக்கம் சரியாகத் திறக்கவில்லை, பிரவுசர் மெதுவாக இருக்கிறது என்றால் அதே பக்கத்தை இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து பாருங்கள். நீங்கள் தனியாக அனுமதி கொடுக்காத வரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே ஓடாது. அங்கே சரியாக வந்தால் எக்ஸ்டென்ஷன் மேல் சந்தேகப்படலாம். சேமித்து வைத்த பழைய குக்கியும் காரணமாக இருக்கலாம். அங்கேயும் வரவில்லை என்றால் பெரும்பாலும் தளத்திலோ இணைய இணைப்பிலோ கோளாறு. இன்னொரு எக்ஸ்டென்ஷனைப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

2. எது காரணம் என்று கண்டுபிடிக்க, பாதியை அணையுங்கள். சரியானால் குற்றவாளி அணைத்த பாதியில். இல்லையென்றால் மீதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் 4 முறையில் பிடித்துவிடலாம். ஃபயர்பாக்ஸில் உதவி மெனுவில் டிரபிள்ஷூட் மோட் என்று ஒன்று உண்டு. எல்லா நீட்சியையும் தற்காலிகமாக அணைத்துத் தொடங்கும்.

3. முதலில் அணையுங்கள், பிறகு யோசித்து நீக்குங்கள். நச்சு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் உடனே நீக்குங்கள்.

4. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்து, "இனி ஆதரவு இல்லை" என்று குரோம் சொன்னால் பயப்பட வேண்டாம். 2024 முதல் குரோம் தன் விதிமுறையை மாற்றிப் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தியது. அதே பெயரில் வேறு இடத்திலிருந்து கோப்பாக இறக்கிப் போடாதீர்கள்.

அடுத்து, பாதுகாப்பு.

5. பிரவுசரின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பை அழுத்தி வேண்டாம், பெயரைக் கடையில் தேடிப் பாருங்கள். கடையில் இருப்பதாலேயே நல்லது என்று பொருளில்லை. மேலே சொன்ன கெட்ட உதாரணங்கள் எல்லாமே கடையில் இருந்தவைதான்.

6. போடும்போது வரும் அனுமதிக் கட்டத்தைப் படியுங்கள். "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அதில் உங்கள் வங்கிப் பக்கமும் அடக்கம். கால்குலேட்டருக்கும் வானிலைக்கும் அது எதற்கு?

7. அப்படிப்பட்ட எக்ஸ்டென்ஷன் அவசியம் வேண்டுமென்றால், குரோமில் அதன் விவரப் பக்கத்துக்குப் போய் "கிளிக் செய்தால் மட்டும்" அல்லது "குறிப்பிட்ட தளங்களில் மட்டும்" என்று சுருக்குங்கள்.

8. வங்கிக்கும் வரிக்கும் தனி பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு எக்ஸ்டென்ஷனும் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பிரவுசர் இருக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

9. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிர்த் துண்டைத் தட்டிப் பட்டியலைப் பாருங்கள். எதற்குப் போட்டோம் என்று நினைவில்லாததை நீக்குங்கள். பிரவுசரை அப்டேட் செய்து வையுங்கள்.

10. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதோடு நிறுத்தாமல், கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுங்கள். குக்கி திருடுபோயிருந்தால் அது முக்கியம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு, பணத்தைத் தடுத்து நிறுத்த.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா, அம்மா, பெரியம்மா, சித்தப்பா யார் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தாலும் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பார்த்துக் கொடுங்கள். திட்டாமல் பாருங்கள். அவர்கள் ஒவ்வொன்றையும் யாரோ "போடுங்கள், நல்லது" என்று சொன்னதால்தான் போட்டிருப்பார்கள். யார் சொன்னால் போடலாம், யார் சொன்னால் கூடாது என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் மாணவர்கள் நான் விட்டதைச் சேருங்கள். வாத்தியார் சொன்னதையே திருத்தினால் கோபம் வராது, மதிப்பெண் கூடும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்